அக்கா தந்துவிட்ட மருந்து

தம்பி, நேற்றுப் பின்னேரம் கொடிகாமத்திலிருந்து நீ அனுப்பிய வட்ஸ்அப்பை நான் கராஜுக்குள் நின்று வாசித்தேன். “மாமா, அம்மா அனுப்பின மருந்து எங்கை எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ரை பாக்கிலை இருந்து என்ன எடுத்தனீங்கள் அப்பா?” என்று எழுதியிருந்தாய். எயார்போட்டில் நான் செய்த வேலைக்குப் பிறகு நீ எனக்கு எழுதிய முதல் வார்த்தை அதுதான். நீ கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தது நியாயம். ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு வழியில்லை. உன் பக்கத்தில் யார் போன் எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டு மாமாவின் கட்டிலில் வைத்துவிடுகிறீர்கள். என் பக்கத்தில் அம்மா இருக்கிறார். அதோடு இரண்டு வசனம் கதைத்தால் மூன்றாவது வசனத்தில் எனக்குச் சத்தம் ஏறிவிடும் என்பது உனக்குத் தெரியாததா. அதனால் எழுதுகிறேன். மாமா பார்க்கிற இடத்தில் இருந்து இதை வாசிக்காதே, உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்கு வெளியே போய் நின்று வாசி.

முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். அம்மா தன் தம்பிக்கு, உன் மாமாவுக்கென்று கட்டித் தந்த பார்சலுக்குள் ஒரு விற்றமின் போத்தல் இருந்தது. அதற்குள் விற்றமின் இல்லை. அம்மாவின் முதுகு நோவுக்கு டொக்டர் எழுதிக் கொடுக்கிற குளிசைகள் இருந்தன. சாதாரண பனடோல் இல்லை, அபின் இனத்தைச் சேர்ந்த மருந்து. அதை நீ பெட்டியில் வைத்துக்கொண்டு, கூட்டாளியைப் பார்க்க இரண்டு நாள் நிற்பதற்காகச் சிங்கப்பூரில் இறங்க இருந்தாய். உன் பெயரில் டொக்டர் சீட்டு இல்லை, மேலே அந்த மருந்தின் லேபல் இல்லை, வேறு மருந்தின் போத்தலுக்குள் ஒளித்து வைத்ததுபோலப் பஞ்சு அடைத்து மூடியிருந்தது. அந்த ஊரில் அதற்கு எத்தனை வருடம் போடுவார்கள் என்று தேடிப் பார்க்கப் போனை எடுத்தேன், பிறகு பயத்தில் வைத்துவிட்டேன். நீ இப்போது மாமா வீட்டில் நுளம்பு அடித்துக்கொண்டு இருக்கிறாய் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று சொல்வார்களே, அதுதான் நடந்திருக்கிறது.

இது எப்படித் தெரியவந்தது என்றால், ஒரு சிறு குப்பிச் சிறுநீரால். நீ வேறு ஊரில், மெரிலேண்ட்ஸில் இருந்துகொண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவன், இங்கே நடக்கிற எல்லாவற்றையும் நாங்கள் உனக்குச் சொல்வதில்லை. அம்மாவின் முதுகு டண்டினொங் கோழித் தொழிற்சாலையின் குளிர் அறைக்குள் பெட்டி தூக்கித் தூக்கிப் போன முதுகு என்பது உனக்குத் தெரியும். ஒப்பரேசன் செய்தும் சரிவரவில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அந்தக் குளிசையில்தான் வருடக்கணக்காக எழுந்து நடமாடினார். பழைய டொக்டர் ஓய்வுபெற்றுப் போக, போன வருடம் டொக்டர் மலர்விழி வந்தார். சிங்கப்பூருக்குப் பக்கத்து நாட்டில், ஈப்போவில் பிறந்து, இங்கே படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட பிள்ளை. தமிழ் கதைக்கிற டொக்டர் கிடைத்துவிட்டார் என்று அம்மா பால் அப்பம் சுட்டுக்கொண்டு போய்க் கொடுத்தார். அப்பத்தை வாங்கி வைத்துவிட்டு அந்தப் பிள்ளை சொன்ன முதல் விஷயம் இது: “ஆன்ட்டி, இந்த மாத்திரைய ஒரே டாக்டர்கிட்டதான் வாங்கணும், ஒரே பார்மசியிலதான் எடுக்கணும். அப்புறம் நாங்க கூப்பிடற அன்னிக்கு வந்து யூரின் டெஸ்ட் கொடுக்கணும். எங்க கிளினிக்ல எல்லாருக்கும் இதே ரூல்ஸ்தான், கோச்சுக்காதீங்க.” அம்மா கோபிக்கவில்லை. எனக்குத்தான் அப்பம் கொடுத்த கையிலேயே அடித்ததுபோல இருந்தது.

கூப்பிட்ட அன்று நானும் போனேன். அம்மாவின் கைப்பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். குளிருக்குப் போட்டிருந்த கார்டிகனையும் கழற்றச் சொன்னார்கள். கழிவறைத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருந்தது, அதை அள்ளி ஊற்றி ஏமாற்றக் கூடாதாம். குப்பியின் பக்கத்தில் சூடு காட்டுகிற ஒரு பட்டி ஒட்டியிருந்தது, வேறு யாருடையதையும் கொண்டுவந்து கொடுக்கக் கூடாதாம். கதவுக்கு வெளியே ஒரு நேர்ஸ் நின்றார். கோயிலில் சுண்டல் வாங்கவும் வரிசை தப்பாத மனிசி, தம்பி, உன் அம்மா. அவரை அப்படி நிற்க வைத்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “இதென்ன, கள்ளரைப் பிடிக்கிற இடமோ?” என்று வரவேற்பு மேசையில் நின்று சத்தம் போட்டேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு எந்தப் பாதி விளங்கியதோ. உள்ளேயிருந்து வந்த அம்மா என் கையைப் பிடித்தார். “சத்தம் போடாதேங்கோ. அவை தங்கடை வேலையைச் செய்யினம். எங்களட்டை என்ன கிடக்கு, பாக்கட்டுமன்” என்றார். அவர் முகத்தில் ஒரு பயமும் இல்லை. எப்படி இருக்கும்? இருக்கக் கூடாத ஏதாவது உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை என்று நாங்கள் இரண்டுபேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கஞ்சா குடிக்கிறவனுக்கும் ஊசி போடுகிறவனுக்கும் உரிய சோதனை, நமக்கென்ன என்று நினைத்தோம். இருக்க வேண்டியது இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள் என்பது எங்கள் இரண்டு தலைக்கும் எட்டவில்லை.

நீ வெளிக்கிடுகிற அன்று காலைதான் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். நீ கூட்டாளிமாரோடு சிற்றியில் சாப்பிட்டுவிட்டு அப்படியே எயார்போட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பெட்டியையும் அவர்களின் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். அம்மா வாசலில் நின்று கை காட்டினார். பிறகு நாங்கள் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டே, “ஆன்ட்டி, ரிசல்ட்ல ஒண்ணுமே இல்ல” என்றார். “அதைத்தானே நான் அண்டைக்கே சொன்னனான்” என்று நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். “ஒண்ணுமே இல்லன்னா, அங்கிள், நான் எழுதிக் கொடுக்கிற மாத்திரையும் இல்ல” என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் எழும்பிவிட்டேன். “உங்கடை லாப்பிலை பிழை. விடிய ஒண்டு, இரவு ஒண்டு, என்ரை கண்ணுக்கு முன்னாலை எடுக்கிறா. தண்ணி கொண்டுவந்து குடுக்கிறதே நான்தான்” என்றேன். அந்தப் பிள்ளை பொறுமையாக இருந்தார். “ரெண்டு தடவ பார்த்தாச்சு அங்கிள். மாத்திரை மாசாமாசம் பார்மசியிலேர்ந்து போகுது, உடம்புல இல்ல. அப்ப எங்க போகுது? சில பேர் சொந்தக்காரங்களுக்குக் கொடுத்துடறாங்க. சில பேர் விக்கிறாங்க. நான் கேட்டுத்தான் ஆகணும்.” விற்கிறார்கள் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை நான் மறுபடியும் மெய்ப்பித்தேன். என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்து அம்மா, “இருங்கோ” என்றார். பிறகு டொக்டரைப் பார்த்து, “நான் எடுக்கேல்லைப் பிள்ளை. உவரிலை பிழை இல்லை, உவருக்குத் தெரியாது” என்றார்.

தம்பி, நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் அவர் குளிசையை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறார். முதலில் இரவுக் குளிசையை விட்டாராம், பிறகு காலைக் குளிசையையும். குளிர்காலத்தில் அம்மாவுக்கு ஒரு கிழமையாய்க் காய்ச்சல் என்று உனக்குப் போனில் சொன்னேனே, ஞாபகமா? மூக்கு ஒழுகி, உடம்பு புல்லரித்து, வயிற்றால் போய், கால் இரண்டும் கட்டிலில் நிற்காமல் உதறிக்கொண்டு கிடந்தார். நான் மல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தேன். டொக்டர் அதைக் கேட்டுவிட்டு, “அது காய்ச்சல் இல்ல அங்கிள். மாத்திரைய நிறுத்தினதால உடம்பு கேட்டிருக்கு” என்றார். அதற்குப் பிறகும் மாதக்கணக்காக எந்த மருந்தும் இல்லாமல் அந்த முதுகோடு சமைத்திருக்கிறார், உடுப்புத் தோய்த்திருக்கிறார், நீ வந்தபோது இடியப்பம் பிழிந்து தந்திருக்கிறார். நான் ஒவ்வொரு நாளும் “நோ எப்பிடி?” என்று கேட்டேன். “இப்ப பரவாயில்லை” என்றார். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு டீவி பார்த்தேன். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்த எனக்குத் தெரியாததை ஒரு குப்பி சொல்லிவிட்டது, அதை எடுக்க வந்தவர்களைத்தான் நான் கள்ளர் பிடிக்கிறார்கள் என்று திட்டினேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டொக்டர் மெதுவாக, “சேர்த்து வச்ச மாத்திரை இப்ப எங்க ஆன்ட்டி?” என்று கேட்டார். அம்மா மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே, “என்ரை தம்பிக்குத் தொண்டையிலை புற்றுநோய். இரவிரவாய் நோவிலை குளறுறான். வீடியோவிலை பாத்தனான். அவனுக்குத்தான்” என்றார். “அனுப்பிட்டீங்களா?” “இண்டைக்குப் போகுது. மகன்ரை சூட்கேசுக்குள்ளை, விற்றமின் போத்திலுக்கை. பெட்டியோடை விட்டால் எயார்போட்டிலை கேள்வி கேப்பாங்கள் எண்டு உரிச்சுப் போட்டனான்.” “எது வழியா போறார்?” அம்மா, “சிங்கப்பூராலை” என்றார். அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கையில் இருந்த பேனையை மேசையில் வைத்தார். “அங்கிள், அந்தப் பக்கத்துல இதுக்கு என்ன நடக்கும்னு எங்களுக்குச் சின்னப் பிள்ளையிலேயே சொல்லித்தான் வளர்த்தாங்க. இங்க உக்காராதீங்க. கிளம்புங்க. ஆன்ட்டிய நான் பார்த்துக்கறேன்.” அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கும் அப்போதுதான். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

காரில் இருந்து உனக்கு அடித்தேன். “அப்பா, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன், கோல் யூ லேட்டர்” என்று வெட்டிவிட்டாய். மறுபடி அடிக்க நீ எடுக்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது, நான் வாறன், அதுவரைக்கும் பெட்டியைக் குடுக்காதே என்று எழுதினேன். நீ ஒரு பெருவிரல் படத்தைத் திருப்பி அனுப்பினாய். அந்தப் பெருவிரலுக்கு என்ன அர்த்தம், சரியா, பார்க்கலாமா, வாசிக்கவே இல்லையா என்று யோசித்துக்கொண்டே மோனாஷ் நெடுஞ்சாலையால் ஓடினேன். வீதி வேலை என்று ஓரிடத்தில் எல்லாக் காரும் ஊர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு லொறி. கடலால் தப்பி வந்தவன் நான், செக்பொயின்ற்களைத் தாண்டி வந்தவன். எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியும் என்று நினைத்திருந்தேன். இது அதைவிட வேறு. அந்தக் காலத்தில் பிடிபட்டால் பிடிபடுவது நான். இப்போது ஒரு குற்றமும் அறியாத நீ, தாய் கட்டித் தந்ததை நம்பித் தூக்கிக்கொண்டு போகிற நீ.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் உன் பக்கத்தால்தான் தெரியும். நீ வரிசையில் இரண்டாவது ஆளாக நின்றாய். நான் பெட்டியை இழுத்து நிலத்தில் போட்டுத் திறந்தேன். “அப்பா, வட் ஆர் யூ டூயிங்? எல்லாரும் பாக்கினம்” என்றாய். “கிலோ கூட. அம்மா கண்டபடி அடைஞ்சு போட்டா” என்று சொல்லிக்கொண்டே பார்சலை முழுதாக எடுத்தேன். மாமாவுக்கென்று பால்மா, சொக்கிலேற், மாமிக்குத் துவாய் எல்லாம் அதற்குள்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அங்கே நின்று எந்தப் போத்தல் என்று தேட எனக்குத் தைரியமில்லை. அந்த நேரத்தில்தான் சீருடையில் ஒருவர் நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வரிசைக்கு அப்பால் போனார். நீ கவனிக்கவில்லை. நான் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். நீயோ கத்தரிக்கோலால் வெட்டுவதுபோல ஒரு குரலில், “அம்மான்ரை தம்பி சாகக் கிடக்கிறார். அவருக்குக் குடுக்கிறதிலையும் கிலோ பாக்கிறீங்கள். அன்பிலீவபிள்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லவா? சுற்றிவர ஆட்கள், கமரா. நீ சின்ன வயதிலிருந்தே மனதில் இருப்பதை முகத்தில் மறைக்கத் தெரியாதவன். தெரிந்துகொண்டு சிங்கப்பூரில் இறங்கியிருந்தால், வெறும் பெட்டியோடு போனாலும் உன் முகத்தைப் பார்த்தே நிறுத்தியிருப்பார்கள். அதைவிடப் பெரிய காரணம், உன் அம்மா உன்னை எதற்குள் அனுப்பினார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கஞ்சப்பயல் என்று நீ என்னை நினைத்துக்கொண்டு போவது அதைவிட மேல் என்று தோன்றியது. கார் தரிப்பிடத்தில் இருந்துகொண்டு அந்தப் போத்தலைத் திறந்தேன். பஞ்சை எடுத்தால் கழுத்துவரை குளிசை. ஒவ்வொன்றும் அம்மா வலியோடு கிடந்த ஒரு பொழுது. நான் அழுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்று அழுதேன், தம்பி. கோபமா, பயமா, எதனால் என்று தெரியவில்லை.

திரும்பிக் கிளினிக்குக்குப் போனபோது அம்மா பக்கத்து அறையில் ஒரு கதிரையில் இருந்தார், முன்னால் வைத்த தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நான் தலையை ஆட்டியதும்தான் மூச்சு விட்டார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். டொக்டர் போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டு, “தொண்டையில கேன்சர்னு சொன்னீங்களே ஆன்ட்டி, அவர் இத எப்படி முழுங்குவார்?” என்று கேட்டார். அம்மா, “விழுங்கமாட்டான். தூளாக்கித் தேனிலை குழைச்சு நாக்கிலை தடவச் சொல்லி அவன்ரை மனிசிக்குச் சொல்லி வச்சனான்” என்றார். டொக்டர் கதிரையை இழுத்து அம்மாவுக்கு முன்னால் இருந்து கையைப் பிடித்தார். இது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்கிற குளிசையாம். இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடுமாம். பழக்கமில்லாத, நோயில் மெலிந்த ஆளுக்கு மூச்சு நின்றுவிடுமாம். “தூக்கத்துலயே போயிருப்பார் ஆன்ட்டி. நீங்க கொடுத்ததாலதான்னு யாருக்கும் தெரியக்கூட தெரியாது” என்றார். அம்மாவே இப்போது திடீரென்று பழைய அளவில் எடுத்திருந்தாலும் ஆபத்தாம், உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டதாம். உனக்கொரு சிறையையும் மாமாவுக்கொரு சாவையும் ஒரே பார்சலுக்குள் வைத்துக் கட்டியிருக்கிறோம். அதுவும் பாசத்தால்.

அம்மாவை நீ பேசாதே. நான் பேசினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், “பெத்த பிள்ளையை எப்பிடி உமக்கு அனுப்ப மனம் வந்தது?” என்று கேட்டேன். அவர் மடியில் இருந்த கைப்பையைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, “எல்லாரும்தான் குடுத்து விடுகினம். ஆர் ஊருக்குப் போனாலும் பனடோல் குடுத்து விடுறம், பிரசர்க் குளிசை குடுத்து விடுறம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். என்ரை பிள்ளைக்கு ஒண்டு வரும் எண்டு ஒருக்காலும் நினைக்கேல்லை. தம்பியின்ரை குளறல்தான் காதுக்கை நிண்டது” என்றார். நாங்களும் எத்தனை பேரிடம் எத்தனை பார்சல் கொடுத்துவிட்டிருக்கிறோம், எத்தனை பேருடையதைத் தூக்கியிருக்கிறோம். ஒன்றையாவது பிரித்துப் பார்த்தோமா? பிரித்தால் கொடுத்தவர் மனம் நோகும் என்று விட்டோம். நீ இனிமேல் பிரித்துப் பார். யார் தந்தாலும், நான் தந்தாலும், முகத்துக்கு முன்னாலேயே பிரித்துப் பார். மனம் நொந்தால் நோகட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். தைமாதம் உனக்குக் கலியாணம். நீ கட்டப்போகிற பிள்ளை ஒருநாள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “ஒண்டுமில்லை” என்று சொல்லும். நம்பாதே. நான் நம்பியதால் வந்த கதி இது. கேட்டுவிட்டு டீவிப் பக்கம் திரும்பாமல், அந்தப் பிள்ளை குனிகிறதா, படியில் கை ஊன்றுகிறதா, கட்டிலில் இருந்து எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார். பார்த்திருந்தால் எனக்கு ஒரு டெஸ்டும் தேவைப்பட்டிருக்காது.

டொக்டர் அம்மாவைக் கைவிடவில்லை. போத்தலைப் பார்மசியில் கொடுத்து அழிப்பித்தார். சின்ன அளவில் மறுபடி தொடங்கி, அந்தந்தக் கிழமைக்கு வேண்டிய குளிசையை மட்டும் கிழமைக்கு ஒருமுறை பார்மசியில் வாங்குகிற மாதிரி எழுதினார். நடந்ததை எல்லாம் தான் பதிந்துதான் ஆகவேண்டும் என்றும் மறைக்காமல் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் சிறுநீர் கொடுக்க வேண்டும். அதிலும் மருந்து இல்லையென்றால் இனி எழுதித் தர முடியாது என்று சொல்லியிருக்கிறார், அது நியாயம்தானே. இங்கேதான் சிக்கல். குளிசை வந்து மேசையில் இருக்கிறது. அம்மா தொடவில்லை. இப்போது மறைக்கிறதும் இல்லை, என் முகத்துக்கு நேரே சொல்கிறார்: “அவன் அங்கை குளறிக்கொண்டு கிடக்க நான் இஞ்சை நோவு இல்லாமல் படுக்கிறதோ? எனக்கு இறங்காது.”

நான் முந்தநாள் மாமிக்குத் தனியாகப் போன் எடுத்துக் கதைத்தேன். அங்கே மருந்து இல்லை என்றுதானே இவ்வளவும். மாமி மெல்லிய குரலில் வேறு விஷயம் சொன்னார். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நோவுக்குத் தண்ணீர் மருந்து கொடுக்கிறார்களாம். காசில்லாமல். கரண்டியால் அளந்து குடிக்கிற மருந்து, தொண்டைக்கும் இறங்குமாம். டொக்டர் எழுதியும் கொடுத்தாராம். மாமாதான், “உது சாகப்போற ஆக்களுக்குக் குடுக்கிற மருந்து. எனக்கு வேண்டாம். அக்கா அவுஸ்ரேலியா மருந்து தந்து விடுறா, அது வரட்டும்” என்று சொல்லி வாங்கவே விடவில்லையாம். இதை அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று மாமியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆக, அவர் அங்கே மருந்தைத் தள்ளி வைத்துவிட்டு அக்காவின் குளிசைக்காகக் காத்துக் கிடக்கிறார். அக்கா இங்கே தன் குளிசையைத் தள்ளி வைத்துவிட்டு அவருக்காகக் கிடக்கிறார். உன்னிடம் அவர் ஓயாமல் கேட்கிற மருந்து இதுதான். அது வராது. வந்திருந்தால் அவரும் இருந்திருக்கமாட்டார்.

நேற்று நான் அம்மாவிடம் இதைச் சொன்னேன். மாமியின் சத்தியத்தை நான் முறித்துவிட்டேன், பாவம் எனக்கு வரட்டும். அம்மா குசினி அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். அழவில்லை. “அப்ப அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. அந்த மருந்தை எடுத்துவரச் சொல்லுங்கோ. நான் அவனோடை கதைக்கிறன்” என்றார். நான் கேட்டேன், “நீர் எப்ப எடுக்கப் போறீர்?” “அவன் குடிக்கட்டும்” என்றார்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். நாளைக்குக் காலையிலேயே வான் பிடித்து மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. வரமாட்டேன் என்றால் மருமகன் என்ற உரிமையில் அடம்பிடி, அவர் வேறு யாருக்கும் மசியமாட்டார். டொக்டர் சொன்ன அளவுக்கு ஒரு துளி கூடாமல் அளந்து எடு. பிறகு எங்களுக்கு வீடியோ கோல் எடு, அப்போது இங்கே மத்தியானம் திரும்பியிருக்கும். போனை அவருக்கு முன்னால் நிமிர்த்திப் பிடி. நான் இங்கே அம்மாவுக்கு முன்னால் பிடிக்கிறேன், பக்கத்தில் தண்ணீரும் குளிசையும் வைத்திருப்பேன். அவர் விழுங்குவதை அம்மா பார்க்க வேண்டும், அம்மா விழுங்குவதை அவர் பார்க்க வேண்டும். யார் முதலில் என்று இரண்டுபேரும் கொஞ்ச நேரம் பிடிவாதம் பிடிப்பார்கள். நீ ஒன்றும் பேசாதே, நானும் பேசமாட்டேன். இரண்டுபேரும் வாயைத் திறந்து காட்டும்வரை போனை மட்டும் இறக்கிவிடாதே.

அப்பா